பியென்சாவில் ஐந்து இரவு: இத்தாலிய மலையூரில் ஓய்வாகத் தங்கிவர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியில் ஏதாவது ஒரு சின்ன மலையூருக்குப் போய், எங்கும் ஓடாமல், நாலைந்து நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரவேண்டும் என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். நான் எழுதுவது பியென்சா என்கிற ஊரைப் பற்றி. டஸ்கனியின் தெற்குப் பகுதியில், சியன்னா மாவட்டத்தில் இருக்கிறது. முதல் முறை அங்கே ஒரு மத்தியானம் மட்டும் இருந்தேன். இரண்டாம் முறை எழுபது வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மே மாதத்தில் ஐந்து இரவு தங்கினேன். முதல் முறை நான் பார்த்தது ஊரே இல்லை என்பது இரண்டாம் முறைதான் புரிந்தது.

பியென்சா எப்படிப்பட்ட ஊர்?

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 490 மீட்டர் உயரத்தில், ஒரு நீளமான மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். சுற்றிலும் மதில். மக்கள் இரண்டாயிரம் சொச்சம் பேர்தான். கீழே வால் டோர்ச்சா என்கிற ஓர்ச்சா ஆற்றின் பள்ளத்தாக்கு. கோதுமை வயல், ஆலிவ் தோப்பு, வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்கள். அதற்கு அப்பால், 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாத்தா மலை. என்றோ அணைந்துபோன எரிமலை அது.

ஊருக்கு ஒரு மனிதரின் கதை இருக்கிறது. இதன் பழைய பெயர் கொர்சிஞ்ஞானோ. சியன்னாவில் அதிகாரம் இழந்து ஒதுங்கி வாழ்ந்த பிக்கொலோமினி குடும்பத்தில், 1405-ல் எனேயா சில்வியோ என்ற பிள்ளை இங்கே பிறந்தார். கவிஞராக, அரசவைச் செயலாளராக ஐரோப்பா முழுக்கச் சுற்றிய பிறகு 1458-ல் போப்பாண்டவர் ஆனார். இரண்டாம் பயஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார் (நம் கத்தோலிக்க மக்கள் பத்திநாதர் என்று சொல்லும் அதே பெயர்). மறு வருஷம் பிறந்த ஊர் வழியாகப் போனபோது, கூட வளர்ந்தவர்களில் பலர் இறந்துபோயிருந்ததையும், மீதிப் பேர் மூப்பில் முடங்கிக் கிடந்ததையும் பார்த்து மனம் கலங்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். ஊரைப் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தார். ஃபிளாரன்ஸ் பக்கத்துக் கட்டிடக்கலைஞர் பெர்னார்தோ ரோஸ்ஸெல்லினோவிடம் வேலையைக் கொடுத்தார். மூன்று நான்கு வருஷத்தில் சதுக்கமும் பேராலயமும் அரண்மனையும் எழும்பின. ஊருக்குப் பயஸின் பெயரையே வைத்து பியென்சா என்றார்கள். 1464-ல் பயஸ் இறந்தார். அதே வருஷம் ரோஸ்ஸெல்லினோவும் இறந்தார். வேலை அங்கேயே நின்றது. அதற்கப்புறம் பெரிதாக யாரும் எதையும் இடிக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. 1996-ல் யுனெஸ்கோ இந்த ஊரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004-ல் கீழே இருக்கும் பள்ளத்தாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

ஊரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்து நிமிஷத்தில் நடந்துவிடலாம் என்கிறார்களே. காலையில் போய் சாயங்காலம் திரும்பினால் போதாதா?

பார்ப்பதற்குப் போதும். ஓய்வுக்குப் போதாது.

காலை பத்தரை வாக்கில் சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பிக்கும். பதினொன்றிலிருந்து நாலு, நாலரை வரைக்கும் கொர்ஸோ ரோஸ்ஸெல்லினோ என்கிற பிரதானத் தெருவில் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் போகவேண்டும். என் முதல் பயணம் முழுக்க அந்தக் கூட்டத்திலேயே முடிந்தது. தங்கினால் அந்த ஐந்து மணி நேரத்தில் நீங்கள் வேறெங்காவது இருக்கலாம்; அறையில் தூங்கலாம், கீழே வயல் பக்கம் நடக்கலாம். பேருந்துகள் போனதும் ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்புகிறது. வயதானவர்கள் மதில் ஓரத்துப் பெஞ்சுகளில் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து உதைக்கிறார்கள். எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு தெருவில் மேலும் கீழும் மெதுவாக நடக்கிறார்கள். இந்த மாலை நடைக்கு பாஸெஜாத்தா என்று பெயர். காலை ஏழு மணிக்கு எழுந்து போனால் ரொட்டி வாசனையும், கல் தளத்தைக் கழுவும் தண்ணீர்ச் சத்தமும்தான் இருக்கும். நான் திரும்பப் போக நினைப்பது இந்த இரண்டு வேளைக்காகத்தான்.

எத்தனை நாள் தங்கலாம்?

ஐந்து இரவு. மூன்று என்றால் குறைந்தபட்சம். முதல் நாள் பயணக் களைப்பில் போய்விடும், இரண்டாம் நாள் "என்ன பார்க்கலாம்" என்ற பரபரப்பு இருக்கும், மூன்றாம் நாள்தான் உடம்பு அடங்கும். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று ஏற்கெனவே திட்டம் போட்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது: அதில் ஒரு நகரத்தை வெட்டிவிட்டு அந்த நாட்களை இங்கே கொடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை. பிறகு செப்டம்பர், அக்டோபர். மே மாதத்தில் கோதுமை பச்சையாக இருக்கும், ஓரங்களில் சிவப்புப் பாப்பி பூத்திருக்கும். ஜூனில் கதிர் பொன்னாகும். அறுப்பு முடிந்த பிறகு ஆகஸ்டில் நிலம் வெறும் மண் நிறத்தில் கிடக்கும், வெயிலும் கடுமை. ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதும் விடுமுறை, அதையொட்டிய நாட்களில் அறை கிடைப்பதும் கஷ்டம். அக்டோபரில் உழுத களிமண் அலை அலையாகத் தெரியும். நவம்பரில் ஆலிவ் எண்ணெய் ஆட்டுவார்கள். புது எண்ணெயை வாட்டிய ரொட்டியில் ஊற்றிச் சாப்பிடுவதற்காகவே அந்த மாதம் போகிறவர்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் குளிர் அதிகம், பல விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

எப்படிப் போய்ச் சேருவது? கார் கட்டாயமா?

பியென்சாவுக்கு ரயில் கிடையாது. ரோமிலிருந்தோ ஃபிளாரன்ஸிலிருந்தோ ரயிலில் கியூஸி நிலையத்துக்கு வந்து (அறிவிப்புப் பலகையில் கியூஸி–கியான்சானோ தெர்மெ என்று இருக்கும்), அங்கிருந்து பேருந்தில் மொந்தெபுல்சானோ போய், இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். சியன்னாவிலிருந்து நேரடிப் பேருந்தும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் பேருந்து மிகக் குறைவு என்பதால் ஞாயிறன்று போய் இறங்குவது போலத் திட்டம் போடாதீர்கள். மூன்று நான்கு பேர் பெட்டியோடு போகிறீர்கள் என்றால் கியூஸியிலிருந்து விடுதிக்காரர் மூலம் கார் ஏற்பாடு செய்வது நல்லது. முக்கால் மணி நேரப் பயணம்.

சொந்தமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வாடகைக் கார் வசதிதான். ஆனால் மூன்று விஷயம். இங்கே வலது பக்கம் ஓட்டுவார்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். புறப்படும் முன் நம்மூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, பழைய ஊர்களின் நுழைவாயிலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும்: ட்ஸோனா திராஃபிக்கோ லிமித்தாத்தோ, அதாவது போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. அனுமதி இல்லாத வண்டி உள்ளே போனால் கேமரா படம் எடுத்துக்கொள்ளும். முதல் பயணத்தில் ஒரு நகரத்தில் இந்தப் பலகையைக் கவனிக்காமல் போய்விட்டேன். மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு வந்தது. வாடகைக் கார் நிறுவனம் என் விவரத்தைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணமும் எடுத்திருந்தது. வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். நீலக் கோடு என்றால் காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோட்டில் நிறுத்தவே கூடாது.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. கோடை விடுமுறைக்கு முன்னால் நேரம் ஒதுக்கிப் பெறுவதே சிரமமாகிவிடும், ஆகவே முதலில் இதை முடியுங்கள்.

மதிலுக்குள் தங்குவதா, வெளியே பண்ணை வீட்டில் தங்குவதா?

கார் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், மதிலுக்குள்தான். கார் இருந்தால், அக்ரிதூரிஸ்மோ என்கிற பண்ணை வீடுகள் நன்றாக இருக்கும். வேளாண்மை செய்கிற குடும்பம் தன் நிலத்திலேயே அறை கொடுக்கும்; பல இடங்களில் அவர்கள் விளைவித்ததையே சமைத்துப் போடுவார்கள். எனக்கு மதிலுக்குள் பிடித்தது. இரண்டாம் மாடியில் ஒரு அறை, சின்ன அடுப்பு, ஒரு ஜன்னல். சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். அம்மாவுக்கு ஒரு வேளையாவது சோறு வேண்டியிருந்தது. மின்தூக்கி பல பழைய வீடுகளில் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே எந்த மாடி என்று கேட்டுவிடுங்கள். பல ஊர்களில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி தனியாக வாங்குவார்கள், சில யூரோதான்.

வீட்டிலிருந்து பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாமா?

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, எண்ணெய் ஊறுகாய் எல்லாம் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, பன்னீர், கருவாடு தவிர்த்த இறைச்சி வகைகள் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். செடி, இலை, பழங்களுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஊருக்குள் என்ன பார்க்கலாம்?

எல்லாமே ஒரு சதுக்கத்தைச் சுற்றி. நடுவில் நின்று பார்த்தால் எதிரே பேராலயம், வலது பக்கம் பிக்கொலோமினி அரண்மனை, இடது பக்கம் ஆயர் மாளிகை, முதுகுப் பக்கம் நகர மன்றம். சதுக்கம் சதுரமே இல்லை. பேராலயத்தின் பக்கம் அகலமாகவும் தெருப் பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. அதனால் சின்ன இடம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பேராலயத்தின் இரண்டு பக்கமும் விட்ட இடைவெளியில் பள்ளத்தாக்கு எட்டிப் பார்க்கிறது. ஊருக்குள் நிற்கிறோமா வயலோரம் நிற்கிறோமா என்று ஒரு கணம் தடுமாறும்.

பேராலயத்துக்குள் போனால் முதலில் தெரிவது வெளிச்சம். பயஸ் ஜெர்மானிய நாடுகளில் பல வருஷம் இருந்தவர். அங்கே பார்த்தது போல மூன்று பகுதியும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், ஜன்னல்கள் பெரிதாக இருக்கவேண்டும் என்று கேட்டார். வெளிச்சத்துக்காக பலிபீடப் பக்கத்தைத் தெற்கே திருப்பினார். சுவரில் யாரும் ஓவியம் தீட்டக்கூடாது, வெண்மையைக் கெடுக்கக்கூடாது என்று 1462-ல் தனி ஆணையே போட்டார். 500 வருஷம் தாண்டியும் அந்தச் சுவர்கள் வெறுமையாகவே இருக்கின்றன. முகப்பிலும் உள்ளேயும் பிறைநிலாக்கள் தெரியும். சிலுவை மேல் ஐந்து பிறை, அதுதான் பிக்கொலோமினி குடும்ப முத்திரை.

அரண்மனைக்குச் சீட்டு வாங்கி உள்ளே போகவேண்டும். அந்தக் குடும்பத்தினர் 1962 வரை அதில் வாழ்ந்திருக்கிறார்கள். தவறவிடக் கூடாதது பின்பக்கம்: மூன்றடுக்குத் தாழ்வாரம், அதன் கீழே மதில் உச்சியில் அமைத்த தோட்டம். அமியாத்தா மலை நேர் எதிரே.

செலவு பற்றி ஒரு கதை உண்டு. ரோஸ்ஸெல்லினோ சொன்ன மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி, 50,000 டுக்காட்டுக்கு (அக்காலத் தங்க நாணயம்) மேல் செலவாகிவிட்டது. ஊரே அவர்மேல் புகார் சொன்னது. பயஸ் அவரைக் கூப்பிட்டு, நீ உண்மையைச் சொல்லியிருந்தால் இதைக் கட்டவே நான் துணிந்திருக்க மாட்டேன் என்று பாராட்டி, நூறு டுக்காட்டும் செந்நிற அங்கியும் கொடுத்தாராம். இதையும் பயஸே எழுதிவைத்திருக்கிறார்.

பேராலயம் சரிகிறது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. பலிபீடப் பக்கத்தைத் தெற்கே தள்ளிக் கட்டியதால் அந்தப் பகுதி மேட்டின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் களிமண். அதனால் கட்டிய காலத்திலிருந்தே அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. வாசலிலிருந்து பலிபீடத்தை நோக்கி நடக்கும்போது தரை தாழ்வதைக் காலே சொல்லும். சுவரில் விரிசல்கள் தெரியும். அம்மா ஒரு விரிசலுக்குப் பக்கத்தில் நின்று, விரலை வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நுனி உள்ளே போனது. பயப்பட ஒன்றுமில்லை, தொடர்ந்து கண்காணித்துப் பலப்படுத்துகிறார்கள். வெளிச்சம் வேண்டும் என்று கேட்ட ஒரே காரணத்தால் 560 வருஷமாக ஒரு கட்டிடம் நழுவிக்கொண்டிருப்பதை நினைத்தபடி அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

டஸ்கனி என்றாலே மாட்டிறைச்சி என்பார்கள். ஆனால் அந்த மண்ணின் ஏழைகள் சாப்பிட்டது ரொட்டியும் பயறும் காய்கறியும்தான், அது இன்றும் எல்லா உணவகத்திலும் இருக்கிறது. பீச்சி என்று ஒரு பாஸ்தா. மாவையும் தண்ணீரையும் பிசைந்து, ஒவ்வொன்றாகக் கையால் உருட்டி நீட்டியது. பென்சில் பருமனுக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் பெரிய பூண்டும் தக்காளியும் போட்ட அல்யோனே குழம்பில் கேளுங்கள், நம் நாக்குக்கு அது உடனே பிடிக்கும். பழைய ரொட்டியும் தக்காளியும் குழைத்த பப்பா அல் பொமொதோரோ, கறுப்பு முட்டைக்கோசும் வெள்ளைப் பயறும் சேர்த்த ரிபொல்லீத்தா, கோடையில் ஊறவைத்த ரொட்டியில் வெள்ளரியும் வெங்காயமும் கலந்த பன்சனெல்லா. ரொட்டியில் உப்பே இருக்காது. குறை இல்லை, அவர்கள் வழக்கமே அதுதான்.

கண்டிப்பான சைவர்களுக்கு ஒன்று: சீஸுக்காகப் பாலைத் திரிக்க அவர்கள் போடுவது பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. பார்மிஜானோ சீஸும் அப்படியே. செடியிலிருந்து எடுத்த உறை போட்ட சீஸ் சில கடைகளில் உண்டு, "கால்யோ வெஜெத்தாலே" என்று கேளுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஊரெல்லாம் ஒரே சீஸ் வாசனையாமே?

ஆமாம், தெருவுக்குள் கால் வைத்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிடும். பெக்கோரினோ, ஆட்டுப்பால் சீஸ். நம்மூரில் சொல்வதானால் செம்மறிப் பால். இளசாக இருந்தால் மெத்தென்று பால் வாசனையோடு, நாள் ஆக ஆகக் கெட்டியாகிக் காரம் ஏறும். வால்நட் இலையில் சுற்றி வைத்தது, சாம்பல் பூசியது, தக்காளிச் சாந்து தடவிச் சிவந்தது என்று கடை முழுக்க உருண்டை உருண்டையாக அடுக்கியிருப்பார்கள். கடைக்காரர் ஒரு சீவல் வெட்டிக் கையில் கொடுப்பார். இளசு, நடுத்தரம், முதிர்ந்தது என்று மூன்று துண்டு வாங்கி, அறைக்கு வந்து பக்கம் பக்கமாக வைத்துத் தின்று பாருங்கள்.

இந்தச் சீஸுக்குப் பின்னால் ஒரு குடிபெயர்வு இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் பல நூறு வருஷமாக வாரத்துக்கு விடப்பட்டது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. மெட்சாத்ரியா என்று அதற்குப் பெயர். குன்றுக்கு ஒன்றாகத் தனித்தனியே நிற்கும் கல் வீடுகள் எல்லாம் அந்த வாரக்குடிகள் இருந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடை செய்தது. காலியான நிலங்களுக்கு சார்டினியா தீவிலிருந்து மேய்ப்பர்கள் மந்தையோடு வந்து குடியேறினார்கள். இன்று நீங்கள் சுவைக்கும் பெக்கோரினோவில் அவர்கள் உழைப்பு நிறைய இருக்கிறது. படத்தில் பார்த்து மயங்குகிற அந்த ஒற்றைச் சைப்ரஸ் வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சி இன்னும் கனக்கிறது. எனக்கு அப்படித்தான்.

மே மாதத்தில் போனால் இன்னொன்று. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஒரு காகிதப் பையில் ஃபாவா என்கிற பச்சைக் காய் கொடுத்தாள். அவரைக்காயைப் பல மடங்கு ஊதியது போல, உள்ளே வெள்ளைப் பஞ்சு மெத்தை, அதில் ஐந்தாறு கொட்டை. அதைப் பச்சையாகவே உரித்து, இளம் பெக்கோரினோவோடு சேர்த்துத் தின்பது அந்த ஊர் வழக்கம். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இத்தாலியம் தெரியாது. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் காய் உரித்தார்கள். கடைசியில் அம்மா முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

அவர்கள் நேரத்துக்கு மாறிக்கொண்டால் தானாகப் போகும். காலையில் பார் என்று அவர்கள் சொல்லும் காபிக் கடையில் நின்றபடி காபி. உட்கார்ந்தால் சில இடங்களில் விலை கூடும். கடைகள் ஒரு மணியிலிருந்து நாலு வரை மூடிவிடும், ஆகவே ரொட்டியும் பழமும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு மேல். இரண்டரைக்குப் பிறகு போனால் அடுப்பு அணைந்திருக்கும். பின்பு தூக்கம். ஐந்தரைக்கு எழுந்து, பேராலயத்துக்குப் பின்னால் போகும் வியா தெல் கஸெல்லோ என்ற மதில் நடைபாதையில் மெதுவாக நடங்கள். அதிலிருந்து கிளைக்கும் சந்துகளுக்குக் காதல் தெரு, முத்தத் தெரு என்றெல்லாம் பெயர். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்குத் தயாராக ஏதாவது கையில் வைத்திருங்கள்.

பக்கத்தில் நடந்து போகிற மாதிரி ஏதாவது உண்டா?

மதிலை விட்டு இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கொர்சிஞ்ஞானோ பங்குக்கோயில். பயஸின் காலத்துக்கு முன்பே பல நூற்றாண்டு பழையது. உருண்டையான ஒரு கோபுரம், வாசலில் இரண்டு வாலைக் கையில் பிடித்திருக்கும் கடல்கன்னிச் சிற்பம். பயஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி உள்ளே இருக்கிறது. திரும்பி வரும்போது ஏற்றம், ஆகவே வெயில் ஏறுவதற்கு முன் போங்கள்.

நன்றாக நடப்பவர்கள் மொந்திக்கியெல்லோ வரை போகலாம், அரை நாள் வேலை. 1967 முதல் அந்த ஊர்க்காரர்களே தங்கள் வாழ்க்கையை நாடகமாக எழுதி, தங்கள் சதுக்கத்திலேயே கோடையில் நடிக்கிறார்கள்.

வெந்நீர் ஊற்று இருக்கிறதாமே, குளிக்கலாமா?

பாஞ்ஞோ விஞ்ஞோனி என்ற சின்ன ஊர், காரில் இருபது நிமிஷம். ஊர் நடுவில் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கல் குளம், அதில் ஆவி பறக்கும் தண்ணீர். ஊற்றில் ஏறக்குறைய 50 டிகிரி சூடு, அமியாத்தாவின் அடியில் இருக்கும் எரிமலைச் சூடுதான் காரணம். சியன்னாவின் புனித கத்தரீனாள் வந்துபோன இடம். அந்தக் குளத்தில் இறங்கத் தடை. ஆனால் அதிலிருந்து வழியும் நீர் பழைய மாவு ஆலைகளின் கால்வாய் வழியாகக் கீழே ஓடுகிறது, அதில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். முழுக் குளியல் வேண்டுமென்றால் கட்டணக் குளங்கள் உண்டு. அல்லது பாஞ்ஞி சான் ஃபிலிப்போ போங்கள். காட்டுக்குள் சுண்ணாம்பு படிந்து வெள்ளை வெளேரென்று நிற்கும் பாறை, அதைச் சுற்றி இலவசக் குட்டைகள். வழுக்கும், ரப்பர் செருப்பு அவசியம்.

வயதான அப்பா அம்மாவால் முடியுமா?

மலையூர்களிலேயே இவர்களுக்கு ஏற்றது இதுதான் என்பேன். மொந்தெபுல்சானோவும் மொந்தால்சினோவும் செங்குத்து. பியென்சா மேட்டின் முதுகில் நீட்டாக இருப்பதால் ஊருக்குள் பெரும்பாலும் சமதளம். உட்காரப் பெஞ்சு நிறைய. கல் தளம் மட்டும் மேடுபள்ளமாக இருக்கும், மழையில் வழுக்கும். தடித்த அடியுள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதாருக்குப் பிரச்சினையே இல்லை.

மொழி?

கடையிலும் விடுதியிலும் ஆங்கிலம் கொஞ்சம் நடக்கும். நுழைந்ததும் "பொன்ஜோர்னோ", சாயங்காலம் "பொனசேரா", வாங்கியதும் "கிராட்சியே". வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. காய்கறிக் கடையில் நீங்களாகக் கைவைத்துப் பொறுக்காதீர்கள். காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள்.

உணவகத்து ரசீதில் நாம் கேட்காத ஒரு தொகை இருக்கிறதே?

கொபெர்த்தோ. மேசைக்கும் ரொட்டிக்குமாக ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ. ஏமாற்று அல்ல, மெனு அட்டையிலேயே போட்டிருப்பார்கள். தனியாக டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏதாவது திருவிழா சமயத்தில் போகலாமா?

செப்டம்பர் முதல் ஞாயிறு, காச்சோ அல் ஃபூசோ. சதுக்கத்தின் நடுவே ஒரு நூற்புக் கதிரை நட்டு, ஊரின் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஆள் வந்து பெக்கோரினோ உருண்டையைத் தரையில் உருட்டிவிடுவார்கள். கதிருக்கு யார் சீஸ் நெருங்கி நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. நம்மூர் கோலி விளையாட்டின் அதே கவனம், அதே சண்டை. கூட்டம் இருக்கும், ஆனால் இது ஊர்க்காரர்கள் தங்களுக்காகக் கொண்டாடுவது.

மழை பெய்தால் நாள் வீணாகிவிடுமே?

எங்களுக்கு நாலாம் நாள் பெய்தது. அரண்மனைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். முதலில் அமியாத்தா காணாமல் போனது. பிறகு ஓர்ச்சா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குன்றுகள் ஒவ்வொன்றாக. மழை வயல் வயலாகத் தாண்டி எங்களை நோக்கி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. தோட்டத்துக் கிணற்று விளிம்பில் முதல் துளி விழ இருபது நிமிஷம் ஆனது. அம்மா அதுவரைக்கும் தூணில் சாய்ந்தபடி ஒரு வார்த்தையும் பேசவில்லை.